தர்மபுரியில் இருந்து சொந்த ஹோஸ்டிங்: விபிஎஸ் மேலாண்மைக்கும் பில்லிங்குக்கும் எந்த மென்பொருள்?

தொப்பூர்_கணவாய் (தர்மபுரி)

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரியில் வெப் டிசைன் செய்கிறேன். பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள், பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் சில மாங்கூழ் ஆலைகள் என்று அறுபது எழுபது சைட் என் பொறுப்பில் இருக்கின்றன. எல்லாமே ஒரு ரீசெல்லர் கணக்கில் (பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக இடம் வாங்கிப் பிரித்து விற்பது) ஓடுகின்றன. புதுப்பிக்கும் போதெல்லாம் விலை ஏறுகிறது. டிக்கெட் (புகார்) போட்டால் பதில் வர மறுநாள் ஆகிறது.

யோசனை இதுதான். பெரிய விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) ஒன்று வாங்கி, அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற, ஒரு சர்வரைப் பல மெய்நிகர் இயந்திரங்களாக (விஎம்) வெட்டும் மென்பொருளை நிறுவி, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டி விபிஎஸ் பிரித்துக் கொடுக்க வேண்டும். மேலே பில்லிங்குக்கு டபிள்யூஹெச்எம்சிஎஸ். பணம் வந்தால் தானாகத் திறக்க வேண்டும், வராவிட்டால் தானாக மூட வேண்டும், அப்போதும் வராவிட்டால் தானாக அழித்துவிட வேண்டும். நடுவில் நான் கை வைக்கவே கூடாது. ப்ராக்ஸ்மாக்ஸா, சோலஸ்விஎம்மா, வர்ச்சுவலைசரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரூட்_ஓசூர் (ஓசூர்)

தல, தொடக்கத்திலேயே இடிக்கிறது. விபிஎஸ் என்பதே ஒருவர் தன் இயந்திரத்தை வெட்டி உங்களுக்குக் கொடுத்த துண்டு. அதற்குள் போய் மறுபடி கேவிஎம் (லினக்ஸில் விஎம் ஓட்டும் வசதி) வைத்து வெட்ட வேண்டுமானால் நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் (விஎம்முக்குள் விஎம்) திறந்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் அதைத் திறப்பதில்லை. திறந்திருந்தாலும் காசு வாங்கிக்கொண்டு பிறருக்கு விற்கிற வேகம் அதில் கிடைக்காது. ப்ராக்ஸ்மாக்ஸ், சோலஸ்விஎம், வர்ச்சுவலைசர் எதுவானாலும் முழு டெடிகேட்டட் சர்வர் வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி, ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதற்குத் தனி விபிஎஸ்? நாலு பக்கம், பத்துப் போட்டோ, ஒரு மேப். எழுபது விபிஎஸ் என்றால் எழுபது கெர்னல் (இயங்குதளத்தின் கரு), எழுபது தடவை அப்டேட், எழுபது ஐபி முகவரி. ஐபிவி4 முகவரிகள் தீர்ந்து வருடக்கணக்காகிறது. நம் ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் ஏபிநிக்கின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்கு ஒவ்வொரு முகவரிக்கும் மாத வாடகை.

உங்களுக்குத் தேவை நல்ல விபிஎஸ் ஒன்று, அதில் சைட், மெயில் கணக்குகளை நிர்வகிக்கிற கன்ட்ரோல் பேனல் ஒன்று. பேனல் வேறு, விஎம் மேலாண்மை மென்பொருள் வேறு, பில்லிங் வேறு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள்.

பர்கூர்_பையன் (பர்கூர்)

அண்ணா, பேனலுக்கு எதற்குக் காசு? ஹெஸ்டியா இருக்கிறது, சைபர்பேனல் இருக்கிறது, வர்ச்சுவல்மின் இருக்கிறது. சைபர்பேனலில் ஓப்பன்லைட்ஸ்பீடு என்ற வெப் சர்வர் வருவதால் வேர்ட்பிரஸ் பறக்கும். காலேஜ் ப்ராஜெக்டுக்கு அதுதான் போட்டேன், ஒரே கமாண்டில் நிறுவிவிட்டது.

பழைய_சர்வர் (கிருஷ்ணகிரி)

ஒரே கமாண்டில் நிறுவியதை ஒரே கமாண்டில் திருடவும் முடியும் தம்பி. 2024 அக்டோபரில் சைபர்பேனலுக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார். பாஸ்வேர்டே இல்லாமல் ரூட் (சர்வரின் முழு அதிகாரம்) வரை போகிற ஓட்டை வெளியே வந்தது. இணையத்தில் திறந்து கிடந்த சுமார் 22,000 சர்வர்கள் தாக்குதலுக்கு இலக்காகின. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற கும்பல் உள்ளே புகுந்துவிட்டது. ஓட்டையை அடைத்துவிட்டார்கள், அந்தப் பேனல் இன்றும் ஓடுகிறது. நான் சொல்ல வருவது, பேனல் என்பது ரூட் உரிமையோடு இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கிற வாசல்.

இதற்கு முந்தைய கதை இன்னும் கொடுமை. 2009 ஜூன். நம் பக்கத்து பெங்களூரில் உருவான ஹைப்பர்விஎம் என்ற விபிஎஸ் மேலாண்மை மென்பொருள் அப்போது உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் விஏசர்வ் என்ற நிறுவனத்தின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்து, சுமார் ஒரு லட்சம் சைட்டுகளை ஒட்டுமொத்தமாகத் துடைத்துப் போட்டார்கள். ஹைப்பர்விஎம்மில் இருந்த ஓட்டை வழியாகத்தான் என்று அப்போது சொல்லப்பட்டது. மலிவுத் திட்டம் எடுத்திருந்த ஏராளமானவர்களுக்கு பேக்கப்பே கிடையாது. அன்றிலிருந்து எந்த விஎம் பேனலையும் நான் பொது ஐபியில் திறந்து வைப்பதில்லை. ப்ராக்ஸ்மாக்ஸின் 8006 போர்ட், சிபேனல் என்ற பேனலின் நிர்வாகப் பக்கமான டபிள்யூஹெச்எம்மின் 2087, எல்லாம் விபிஎன்னுக்குப் பின்னால், அல்லது நம் ஐபிக்கு மட்டும்.

தொப்பூர்_கணவாய் (தர்மபுரி)

சரி சார், பயமுறுத்திவிட்டீர்கள். அப்படியென்றால் சிபேனல்தான் கதியா? வாடிக்கையாளர்களுக்கு அது பழகிப்போய்விட்டது. ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

அரூர்_அக்கா (அரூர்)

தம்பி, நானும் ரீசெல்லராக இருந்து சொந்த சர்வருக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் சர்வரைப் பார்த்துக்கொள்கிறார், கணக்கு வழக்கு முழுவதும் நான். அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

2019 வரை சிபேனலுக்கு சர்வருக்கு ஒரு விலை. எத்தனை கணக்கு வைத்தாலும் அதே காசு. அந்த வருடம் கணக்கு எண்ணிக்கைக்கு விலை என்று மாற்றினார்கள். 1, 5, 30, 100 என்று படிகள், நூறுக்கு மேல் ஒவ்வொரு கணக்குக்கும் தனி. அதன் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. உங்களுக்கு எழுபது என்றால் நூறு கணக்குப் படிக்குத்தான் கட்ட வேண்டும், முப்பது இடம் சும்மா கிடக்கும். போட்டிக்கு வேறு பெரிய பேனல் பார்க்கலாம் என்று பிளெஸ்க் பக்கம் போனால் அதுவும் அதே குடும்பம். சிபேனல், பிளெஸ்க், சோலஸ்விஎம், டபிள்யூஹெச்எம்சிஎஸ் எல்லாம் இன்றைக்கு வெப்ப்ரோஸ் என்ற ஒரே குழுமத்தின் கீழ்.

நாங்கள் டைரக்ட்அட்மின் என்ற பேனலுக்கு மாறினோம். சிபேனல் பேக்கப்பையே எடுத்து மீட்டுக்கொள்கிற வசதி அதில் இருக்கிறது, அதனால் மாறுவது அவ்வளவு கஷ்டமில்லை. தோற்றம் கொஞ்சம் வேறு. முதல் வாரம் "மெயில் எங்கே போச்சு" என்று போன் வரும். வரட்டும்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். தானாக மூட வேண்டும், தானாக அழிக்க வேண்டும் என்கிறீர்களே, உங்கள் வாடிக்கையாளர்கள் எப்போது பணம் கொடுப்பார்கள் என்று யோசித்தீர்களா? டபிள்யூஹெச்எம்சிஎஸ் எழுதியவர்கள் மனதில் இருந்தவர் மாதா மாதம் கார்டில் கட்டுகிற ஆள். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஜூனில் பீஸ் வசூலான பிறகு கொடுக்கும். மண்டபத்துக்காரரிடம் ஆடியிலோ மார்கழியிலோ போய்க் கேட்டால், "கல்யாணமே இல்லை, எங்கே போவேன்" என்பார். மாங்கூழ் ஆலையில் சீசன் நேரத்தில் அக்கவுண்டன்ட் போனையே எடுக்க மாட்டார். சீசன் முடிந்து சரக்கு போய்ப் பணம் வந்த பிறகுதான் செக். இவர்கள் யாரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. வருடக்கணக்காகக் கொடுத்துக்கொண்டு இருப்பவர்கள்தான், தேதிக்குக் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் நாங்கள் செய்திருப்பது: எல்லோருக்கும் வருட இன்வாய்ஸ் மட்டும். ஒவ்வொருவருக்கும் அடுத்த கட்டணத் தேதியை அவர் கையில் காசு புழங்கும் மாதத்துக்கு நகர்த்தி வைத்தோம். முதல் வருடம் சிலருக்கு ஏழெட்டு மாதக் கணக்கு, சிலருக்குப் பதினைந்து மாதக் கணக்கு என்று வந்தது, பரவாயில்லை. ஆட்டோ சஸ்பெண்ட் (தானாக மூடுவது) உண்டு, ஆனால் நீண்ட அவகாசத்தோடு. "இந்த தேதி வரை மூடாதே" என்று தனித்தனிச் சேவைக்குக் குறித்து வைக்கிற இடம் டபிள்யூஹெச்எம்சிஎஸ்ஸிலேயே இருக்கிறது, அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஆட்டோ டெர்மினேட் (தானாக அழிப்பது) என்ற பெட்டியில் மட்டும் டிக் கிடையாது. பழைய கணக்கை அழிக்க வேண்டுமென்றால் நான் போனில் பேசிவிட்டு, என் கையால் அழிப்பேன்.

பெங்களூரா (போச்சம்பள்ளி)

அக்கா சொன்னதற்கு வாடிக்கையாளர் பக்கத்துச் சாட்சி நான். மாங்கூழ் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான். (பெயரைப் பார்த்து யாரும் பெங்களூர்க்காரன் என்று நினைக்க வேண்டாம். இது கூழுக்குப் போகிற மாம்பழம், தோத்தாபுரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும்.)

எங்களுக்கு சைட் நாலு நாள் இல்லாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது. மெயில் நின்றால்தான் ஆபத்து. வெளிநாட்டு பையர் ஸ்பெசிஃபிகேஷன், பில் ஆஃப் லேடிங், லேப் ரிப்போர்ட் எல்லாம் மெயிலில்தான். ஒரு வருடம் சீசன் உச்சத்தில் எங்கள் பழைய ஹோஸ்டிங் கம்பெனி புதுப்பிக்கும் தேதி தாண்டியதும் கணக்கை மூடிவிட்டது. மனிதர் யாரும் மூடவில்லை, மென்பொருள் மூடியது. நினைவூட்டல் எல்லாம் அதே டொமைனில் இருந்த, வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் மெயிலுக்குப் போயிருக்கிறது. திறக்கச் சொல்லிக் கேட்டால் டிக்கெட் போடு என்றார்கள், டிக்கெட் போட லாகின் வேண்டும், லாகினுக்கு அந்த மெயில் வேண்டும். பெயர் வேண்டாம் விடுங்கள்.

தொப்பூர் அண்ணா, வாடிக்கையாளரின் வாட்ஸப் எண்ணைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். நினைவூட்டல் அங்கேயும் போகட்டும்.

ரூட்_ஓசூர் (ஓசூர்)

அக்கா, மரியாதையோடு மறுக்கிறேன். மூடாமல் விட்டால் எவரும் கொடுக்க மாட்டார்கள். ஓசூரில் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு சைட் வைத்திருக்கிறேன். சைட் நின்ற அரை மணி நேரத்தில் யுபிஐயில் பணம் வருகிறது. அதுவரை "நாளைக்கு"தான். தர்மபுரியில் இரக்கம் பார்த்தால் சர்வர் வாடகையை நீங்கள்தான் கட்டுவீர்கள்.

அரூர்_அக்கா (அரூர்)

மூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. உங்கள் ஒர்க்‌ஷாப்காரருக்கு தினமும் காசு புரளும், அவருக்கு உங்கள் முறை சரி. எல்லோருக்கும் ஒரே நாள் கணக்கு வைக்காதீர்கள் என்கிறேன். ப்ராடக்ட் குரூப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, இருப்பதில் மென்மையான அமைப்பைப் பொதுவாகப் போட்டு, கறாராக இருக்க வேண்டியவர்களைக் கையால் மூடினால் போயிற்று.

பெங்களூரா தம்பி சொன்ன மெயில் விஷயம் முக்கியம். சிபேனலில் இருப்பவர்கள் கவனியுங்கள்: சஸ்பெண்ட் ஆன கணக்குக்கு வரும் மெயிலை என்ன செய்வது என்பதற்கு ட்வீக் செட்டிங்ஸில் தனி விருப்பம் இருக்கிறது. வாங்கி வைக்கலாம், திருப்பி அனுப்பலாம், வரிசையில் நிறுத்தலாம். பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ரூட்_ஓசூர் (ஓசூர்)

அது சரி, ஒப்புக்கொள்கிறேன். டெர்மினேட் விஷயத்தில் நானும் அக்கா பக்கம்தான். பர்கூர் தம்பி தனி மெசேஜில் கேட்டிருந்தார், ஆர்டர் போட்டதும் விஎம் எப்படிப் பிறக்கிறது என்று. இங்கேயே எழுதிவிடுகிறேன், டெர்மினேட் ஏன் ஆபத்து என்பதும் அதில் புரியும்.

வாடிக்கையாளர் ஆர்டர் போடுகிறார், இன்வாய்ஸ் உருவாகிறது. பணம் வந்ததும் பில்லிங் மென்பொருள் தன் ப்ரொவிஷனிங் மாட்யூலை (சர்வர் உருவாக்கச் சொல்லும் இணைப்பு நிரல்) கூப்பிடுகிறது. அந்த மாட்யூல் விஎம் மென்பொருளின் ஏபிஐக்கு (மென்பொருளோடு மென்பொருள் பேசும் வழி) ஒரு கோரிக்கை அனுப்புகிறது: இவ்வளவு ராம், இத்தனை கோர், இந்த டெம்ப்ளேட். கேவிஎம்மில் டெம்ப்ளேட் டிஸ்க் நகலாகிறது, க்ளவுட்-இனிட் என்ற தொடக்க அமைப்பு நிரல் உள்ளே போய் ஹோஸ்ட்நேம், ஐபி, எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாம் எழுதுகிறது, இயந்திரம் எழுகிறது, வாடிக்கையாளருக்கு மெயில் போகிறது. சோலஸ்விஎம், வர்ச்சுவலைசர் இரண்டும் ஹோஸ்டிங் விற்பவர்களுக்காகவே எழுதப்பட்டவை, இந்த மாட்யூல் கூடவே வரும். ப்ராக்ஸ்மாக்ஸ் 2008 முதல் இருக்கிற நல்ல மென்பொருள், இலவசமாகவே ஓட்டலாம், ஆனால் அதற்கு பில்லிங் என்றால் என்னவென்றே தெரியாது. மாட்யூலை வெளியாரிடம் வாங்க வேண்டும். பிராட்காம் விஎம்வேரை வாங்கி உரிம முறையை மாற்றிய பிறகு ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் கூட்டம் கூடியிருக்கிறது, எங்கள் ஆபீஸும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

இதே பாதையில்தான் டெர்மினேட்டும் வருகிறது. அதே மாட்யூல், அதே ஏபிஐ, "அழி" என்று ஒரு கோரிக்கை. டிஸ்க் போய்விடும், "நிச்சயமா?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பில்லிங்கில் ஒரு தேதி தவறினாலும் போதும். க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) இதில் தனி வில்லன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டியது சத்தமில்லாமல் நின்றுவிட்டால் இன்வாய்ஸே போகாது, நினைவூட்டலும் போகாது. அது நின்றது தெரியாமல் இருக்கிற நாட்களில் வாடிக்கையாளரிடம் எதுவும் சொல்லப்படவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு விஎம்முக்கும் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ப்ரொடெக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் அந்த விஎம்மையும் அதன் டிஸ்க்கையும் நீக்க முடியாது, ரூட்டாக இருந்தாலும் முதலில் அதை எடுக்க வேண்டும். நிறுத்துவதும் கிளப்புவதும் வழக்கம்போல நடக்கும். எங்கிருந்தாவது டெர்மினேட் வந்தாலும் பிழைச் செய்தி கிடைக்கும், டபிள்யூஹெச்எம்சிஎஸ்ஸின் மாட்யூல் க்யூவில் அது நிற்கும், மனிதர் பார்ப்பார்.

இன்னொன்று, பில்லிங் மென்பொருளில் ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏபிஐ டோக்கன் உருவாக்கி, உரிமையைக் குறைத்துக் கொடுங்கள். விஎம்.பவர்மேனேஜ்மென்ட் உரிமை மட்டும் இருந்தால் நிறுத்தலாம், கிளப்பலாம், அழிக்க முடியாது. அழிக்கவும் உருவாக்கவும் விஎம்.அலோகேட் வேண்டும். மாதத்துக்கு ஒன்றிரண்டு புது விஎம் விற்கிறவர் அதைக் கையால் உருவாக்கினால் கை தேய்ந்துவிடாது. மாட்யூல் இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று வாங்கும் முன் கேளுங்கள், சில மாட்யூல்கள் முழு உரிமை இல்லாமல் அடம் பிடிக்கும்.

பர்கூர்_பையன் (பர்கூர்)

நன்றி அண்ணா. ஓப்பன்விஇசட் விபிஎஸ் மலிவாகக் கிடைக்கிறதே, அதில் வாங்கலாமா?

ரூட்_ஓசூர் (ஓசூர்)

வேண்டாம். அதில் எல்லோருக்கும் ஒரே கெர்னல். பழைய ஓப்பன்விஇசட் 6 என்றால் 2.6.32 கெர்னல், இன்றைய டாக்கர் (ஆப்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) கூட ஓடாது. விற்கிறவர் இல்லாத ராமை எல்லாம் இருப்பதாக விற்பார். கேவிஎம் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்கு.

பழைய_சர்வர் (கிருஷ்ணகிரி)

பேக்கப் பற்றி யாருமே பேசவில்லை, எதிர்பார்த்ததுதான்.

ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேர நிலைப் பதிவு) பேக்கப் அல்ல. அது அதே டிஸ்க்கில் இருக்கிறது, டிஸ்க் போனால் கூடவே போகும். டெர்மினேட் செய்தாலும் கூடவே போகும். எல்விஎம்-தின் (எழுத எழுத மட்டும் டிஸ்க் இடத்தை ஒதுக்கும் முறை) பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். 500 ஜிபி டிஸ்க்கில் 800 ஜிபி விற்க அது அனுமதிக்கும். உண்மையில் நிறைந்த அன்றைக்கு, யார் நிறைத்தாரோ அவர் மட்டுமல்ல, அந்தப் பூலில் இருக்கிற எல்லா விஎம்மும் எழுத முடியாமல் நிற்கும், டேட்டாபேஸ் சிதையும். எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று எச்சரிக்கை வைக்காமல் தின் பூல் ஓட்டுவது வினையை விலைக்கு வாங்குவது.

ப்ராக்ஸ்மாக்ஸ்காரர்களே 2020-ல் தனியாக பேக்கப் சர்வர் வெளியிட்டார்கள். மாறிய பகுதியை மட்டும் எடுக்கும், ஒரே மாதிரித் துண்டுகளை ஒருமுறைதான் சேமிக்கும், இடம் மிச்சம். அதை வேறு நிறுவனத்தின் வேறு டேட்டா சென்டரில் வையுங்கள். ப்ரொடக்‌ஷன் சர்வரின் டோக்கனுக்கு பேக்கப்பை எழுதும் உரிமை மட்டும், நீக்கும் உரிமை கிடையாது. அப்போதுதான் உள்ளே புகுந்தவன் அதையும் அழிக்க மாட்டான். பிறகு மாதம் ஒருமுறையாவது ஏதாவது ஒரு சைட்டை வேறு பெயரில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

தொப்பூர்_கணவாய் (தர்மபுரி)

எல்லோருக்கும் பெரிய நன்றி. நான் வந்த கேள்வியே மாறிவிட்டது. இப்போதைய முடிவு: பெங்களூர் அல்லது மும்பை டேட்டா சென்டரில் கேவிஎம் விபிஎஸ் ஒன்று, ஆல்மாலினக்ஸ் 9 இயங்குதளம், டைரக்ட்அட்மின். பள்ளிகள், மண்டபங்கள் எல்லாம் அதில். தக்காளி மண்டியில் பில்லிங் ஆப் ஓட்டுகிற இரண்டு பேருக்கு மட்டும் தனித்தனி விபிஎஸ், அதையும் நான் வெட்டப் போவதில்லை, வாங்கிக் கொடுக்கப் போகிறேன். ப்ராக்ஸ்மாக்ஸை வீட்டில் பழைய டெஸ்க்டாப்பில் போட்டுப் பழகிக்கொள்கிறேன். பில்லிங்கில் ஆட்டோ சஸ்பெண்ட் தாமதமாக, ஆட்டோ டெர்மினேட் இல்லை.

அக்கா, ஜிஎஸ்டி, சட்டம் பக்கம் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அரூர்_அக்கா (அரூர்)

ஹோஸ்டிங்குக்கு 18 சதவீதம். வெளிநாட்டு சர்வருக்கு டாலரில் கட்டினால் ரிவர்ஸ் சார்ஜ் (வாங்குகிறவரே வரி கட்டுவது) வரும், ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கார்டில் ஆட்டோபே 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வருடச் சந்தா அந்தத் தொகையைத் தாண்டினால் தானாகப் போய்விடும் என்று நம்பி உட்காராதீர்கள். உங்கள் வாடிக்கையாளரை நீங்கள் மூடும் முன் உங்களையே ஒருவர் மூடிவிடுவார்.

சட்டம் என்றால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு. விபிஎஸ் கொடுக்கிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி, எந்தக் காலத்துக்கு, எதற்காக வாங்கினார் என்ற விவரங்களை, அவர் விட்டுப் போன பிறகும் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். லாக் (சர்வரின் நடவடிக்கைப் பதிவு) 180 நாள். ஹேக் ஆனது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மண்டிக்காரருக்கு விபிஎஸ் எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் அவர் பெயரிலேயே கணக்குத் திறந்து, நீங்கள் நிர்வாகம் மட்டும் செய்வது நல்லது. கணக்கில் டெர்மினேட் செய்தாலும் அவர் விவரத்தை அழிக்கக் கூடாது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரா (போச்சம்பள்ளி)

அண்ணா, ஆலைகளின் மெயிலை அந்த விபிஎஸ்ஸிலேயே வைக்கப் போகிறீர்களா?

ரூட்_ஓசூர் (ஓசூர்)

அவர் பதில் சொல்லும் முன் நான் சொல்கிறேன், ஆலைகளின் மெயிலை மட்டும் காசு கொடுத்து மெயிலுக்கென்றே இருக்கிற சேவையில் வையுங்கள். புது விபிஎஸ் ஐபி முன்பு யார் கையில் இருந்ததோ, பிளாக்லிஸ்ட்டில் இருக்கலாம். பல நிறுவனங்கள் மெயில் போகிற 25 போர்ட்டை மூடியே கொடுக்கின்றன. மற்றவர்களின் மெயில் சர்வரிலேயே இருக்கட்டும், ஆனால் வாங்கிய அன்றே ஐபியைச் சோதித்து, ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) சரியாக வைத்து, அனுப்புவது நாம்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் போட்டுவிடுங்கள்.

மாற்றும் முன் டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாகக் குறைத்து ஒரு நாள் விட்டுப் பிறகு மாற்றுங்கள். பழைய ரீசெல்லர் கணக்கை ஒரு மாதமாவது கூடவே ஓட விடுங்கள். மாங்கூழ் ஆலைகளைக் கடைசியாக, சீசன் முடிந்த பிறகு.

தொப்பூர்_கணவாய் (தர்மபுரி)

சரி தல. முதலில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தை மாற்றுகிறேன், அரையாண்டு லீவில். ஏதாவது மாட்டினால் இதே இழையில் வந்து கேட்பேன்.